கையெழுத்திடும் கை: தடுப்பு அதிகாரமும் நீதித்துறை நடுவரும்

(தாம்பரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். வாசிப்புக்காகச் சில இடைப்பேச்சுகள் நீக்கப்பட்டுள்ளன.)



2024 ஜூலை 1 அன்று மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அன்று முதல் நம் வழக்கறிஞர்கள் பையில் ஓர் அட்டவணை இருக்கிறது. பழைய 302 இப்போது 103. பழைய 420 இப்போது 318. எண்களை மனப்பாடம் செய்வதிலேயே ஓராண்டு போய்விட்டது. புதிய நடைமுறைச் சட்டத்தில் வரவேற்க வேண்டியவையும் உண்டு. சோதனையையும் பறிமுதலையும் காணொளியில் பதிவு செய்ய வேண்டும். ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும். எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம். இவற்றைப் பற்றிப் பல மேடைகளில் பேசியாகிவிட்டது.

நான் பேச வந்தது யாரும் அதிகம் பேசாத ஓர் அத்தியாயத்தைப் பற்றி. பிஎன்எஸ்எஸ் எனப்படும் அந்தப் புதிய நடைமுறைச் சட்டத்தின் ஒன்பதாம் அத்தியாயம், பிரிவு 125 முதல் 143 வரை. பழைய சட்டத்தின் 106 முதல் 124 வரையிலான பிரிவுகள்தான் இவை. அமைதி காக்கவும் நன்னடத்தைக்கும் பிணைப் பத்திரம் வாங்கும் அத்தியாயம். காவல் நிலைய மொழியில் சொன்னால் முன்னது ‘107 போடுவது’, பின்னது ‘110 போடுவது’. குற்றம் நடந்த பிறகு தண்டிப்பது பற்றியதல்ல இது. குற்றம் செய்துவிடுவார் என்ற ஐயத்தின் பேரில் ஒருவரைக் கட்டிப்போடுவது பற்றியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டின் குற்றவியல் நடைமுறை சீர்திருந்தியதா என்பதை அந்த நாட்டின் விசாரணை மன்றங்களை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்பும் தாளில் கடைசியாகக் கையெழுத்திடுபவர் யார், அவர் அந்த மனிதரைப் பிடித்து வந்த துறையைச் சேர்ந்தவரா என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நம் புறநகரையும், வேறு சில நாடுகளையும், புதிய சட்டத்தையும் பார்ப்போம்.

1.

முதலில் இந்த நடைமுறை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். சட்டக் கல்லூரிகளில் இந்த அத்தியாயத்துக்கு அரைமணி நேரம்கூட ஒதுக்குவதில்லை.

ஓர் இளைஞர் பெயரில் இரண்டு மூன்று வழக்குகள் இருக்கின்றன. எதுவும் தீர்ப்பாகவில்லை. காவல் நிலையத்தில் அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு திறந்து, ‘ரவுடி’ என ஒரு வகைக்குள் அடைத்தாகிவிட்டது. தேர்தலோ திருவிழாவோ நெருங்குகிறது, அல்லது பகுதியில் ஒரு கொலை நடந்து பதற்றம் நிலவுகிறது. ஆய்வாளர் ஓர் அறிக்கை அனுப்புகிறார். செயல்துறை நடுவர், அதாவது நடுவர் அதிகாரம் பெற்ற நிர்வாக அதிகாரி, அவரை அழைக்கிறார். ஓராண்டுக்கு ஒழுங்காக இருப்பேன் என்று பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார். பெரும்பாலும் வழக்கறிஞர் கிடையாது. தான் கையெழுத்துப் போட்ட தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது.

சில மாதங்கள் கழித்து அவர் மேல் இன்னொரு வழக்குப் பதிவாகிறது. அது நிரூபணமாக வேண்டிய அவசியமே இல்லை; பதிவானாலே போதும். பத்திரத்தை மீறிவிட்டார் என்று ஆய்வாளர் மறுபடி அறிக்கை கொடுக்கிறார். பழைய சட்டத்தின் 122(1)(பி) பிரிவின் கீழ், ஓராண்டில் மீதமிருக்கும் நாட்களுக்குச் சிறை. ‘நன்னடத்தைப் பிணையை மீறியவர் சிறையில் அடைப்பு’ என்று நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தி வரும். நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். முந்நூறு சொச்சம் நாள் சிறை என்று அதில் இருக்கும். குற்றப்பத்திரிகை இல்லாமல், சாட்சி விசாரணை இல்லாமல், தீர்ப்பு இல்லாமல் ஒருவர் ஏறக்குறைய ஓராண்டு சிறையில் இருக்கிறார்.

சிறு திருட்டு வழக்கில் பிடிபட்டவருக்கு இதைவிட அதிகப் பாதுகாப்பு உண்டு. அவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும், பிணை கேட்கலாம், குறித்த நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் பிணை அவருடைய உரிமை. எதையும் செய்ததாக நிரூபிக்கப்படாதவருக்கு இந்தப் பாதுகாப்பு குறைவாக இருப்பது விந்தை என்று எனக்குப் படுகிறது.

2.

இந்த விந்தைக்கு வயது அதிகம். இங்கிலாந்தில் 1361-ஆம் ஆண்டிலேயே அமைதி நடுவர்கள் சட்டம் இயற்றப்பட்டது. ஊரில் கலகம் செய்யக்கூடியவர்களிடம் பிணை வாங்கும் அதிகாரத்தை அது நடுவர்களுக்குக் கொடுத்தது. ஆங்கிலேயர் இந்த ஏற்பாட்டை இங்கே கொண்டுவந்தபோது இரண்டு மாற்றங்கள் செய்தார்கள். ஒன்று, வழக்கமாகக் குற்றம் செய்பவர் என்று பெயரெடுத்தவரையே பிடிக்கும் 110-ஆம் பிரிவு. அதன் கீழ் மூன்றாண்டு வரை பிணை கேட்கலாம். இதே சிந்தனையின் முற்றிய வடிவம்தான் 1871-இல் தொடங்கி, 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம். கள்ளர், குறவர் போன்ற சமூகங்களில் பிறந்ததே ஐயத்துக்குக் காரணமாயிற்று. 1920-இல் பெருங்காமநல்லூரில் உயிர்களைப் பலிகொடுத்துத்தான் அந்தச் சட்டத்தை எதிர்க்க வேண்டியிருந்தது. 1947-இல் சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது. 110 மட்டும் தங்கிவிட்டது.

இரண்டாவது மாற்றம், நான் சொல்லவந்த கேள்வியைத் தொடுவது. மாகாணத் தலைநகரங்களில் காவல் ஆணையர் என்ற பதவியை உருவாக்கி, நடுவரின் அதிகாரங்களில் சிலவற்றையும் அவர் கையில் கொடுத்தார்கள். 1888-ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டம் இன்றும் அந்தக் கட்டமைப்பின் அடித்தளம். தொலைதூர ஆட்சிக்கு இது வசதி. ஒரே அதிகாரி பிடிப்பார், அவரே முடிவு செய்வார்.

விடுதலைக்குப் பிறகு இந்த வசதியை ஒழிக்க முயன்றவர்கள் உண்டு. 1948 நவம்பரில் அரசமைப்பு அவையில் டாக்டர் அம்பேத்கர் ஒரு பிரிவை முன்மொழிந்தார்: மூன்றாண்டுக்குள் நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து அரசு பிரித்துவிட வேண்டும். பிறகு காலக்கெடு நீங்கியது. கொள்கை 50-ஆம் பிரிவாக நிலைத்தது. நாடு முழுவதற்கும் 1973 நடைமுறைச் சட்டம்தான் அந்தப் பிரிவினையைக் கொண்டுவந்தது. சென்னை மாகாணம் அதற்கு வெகு முன்பே பிரித்துக் காட்டியிருந்தது. நாம் பெருமைப்படலாம். ஆனால் 1973 சட்டத்திலும் ஒரு கதவு திறந்தே இருந்தது. பிரிவு 20(5): பெருநகரப் பகுதியில் செயல்துறை நடுவரின் அதிகாரத்தைக் காவல் ஆணையருக்கு மாநில அரசு வழங்கலாம்.

3.

இனி நம் ஊருக்கு வருவோம்.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் எல்லாம் ஒரு காலத்தில் காஞ்சிபுரம் மாவட்டக் காவலின் கீழ் இருந்தவை. 2008-இல் சென்னைப் புறநகர் காவல் ஆணையரகம் உருவானது, பரங்கிமலையில் தலைமையகம். 2011-இல் அது சென்னை மாநகரக் காவலோடு இணைந்தது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 2022 ஜனவரி 1 அன்று தாம்பரம் காவல் ஆணையரகம், ஆவடி ஆணையரகத்தோடு சேர்ந்து செயல்படத் தொடங்கியது. அலுவலகம் சோழிங்கநல்லூரில். பெயர் தாம்பரம் என்று இருந்தாலும் அங்கே போக இங்கிருந்து ஒரு பயணம்!

அன்று சென்னையின் எல்லையிலிருந்து பிரிந்த காவல் நிலையங்களோடு, மாவட்டக் காவலில் இருந்த கூடுவாஞ்சேரி, ஓட்டேரி, மணிமங்கலம், சோமங்கலம், கேளம்பாக்கம் போன்ற நிலையங்களும் புதிய ஆணையரகத்துக்குள் வந்தன. செய்தித்தாள்கள் ரோந்து வாகனங்களின் எண்ணிக்கையையும் போக்குவரத்துக் காவலையும் பற்றி எழுதின. கூடுதல் காவலர்கள் வந்தார்கள், நல்லதுதான். ஒரு செய்தியை யாரும் எழுதவில்லை. 2021 டிசம்பர் 31 வரை சோமங்கலத்து இளைஞர் ஒருவரைக் குண்டர் தடுப்புச் சட்டத்தில் அடைக்க வேண்டுமென்றால் காவல்துறை மாவட்ட ஆட்சியரிடம் போக வேண்டும். கூடுவாஞ்சேரிக்காரரிடம் 107 பத்திரம் வாங்க வேண்டுமென்றால் கோட்டாட்சியரிடமோ வட்டாட்சியரிடமோ போக வேண்டும். மறுநாள் காலை முதல் குண்டர் சட்ட ஆணையில் கையெழுத்திடும் அதிகாரம் காவல் ஆணையருக்கு. பத்திரம் வாங்கும் அதிகாரமும் ஆணையரக முறையில் காவல்துறைக்குள்ளேயே வரக்கூடியது.

1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14-ஆம் சட்டம், அதாவது நாம் ‘குண்டாஸ்’ என்று சொல்வது, ஒருவரைப் பன்னிரண்டு மாதம் வரை விசாரணையின்றி வைக்க இடம் தருகிறது. மாவட்டத்தில் ஆட்சியர், நகரத்தில் ஆணையர் என்பது அதன் ஏற்பாடு. அரசியல் விவாதமோ சட்டமன்றத் தீர்மானமோ இல்லாமல், வரைபடத்தில் ஒரு கோடு நகர்ந்ததால் ஒரு குடிமகனின் சுதந்திரத்தைப் பற்றி முடிவெடுப்பவர் மாறிவிட்டார். சோமங்கலத்து மனிதர் செய்ததில் எந்த மாற்றமும் இல்லை.

ஆட்சியரும் நிர்வாகிதானே, அவர் என்ன நீதிபதியா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் 107 விசாரணையும் கண்ணியத்துக்கு எடுத்துக்காட்டு அல்ல. ஆனாலும் வேறு துறை அதிகாரி ஒருவர் படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ‘இதில் என்ன ஆதாரம்?’ என்று அவர் கேட்கக்கூடும். ஆய்வாளரின் பதவி உயர்வும் மாறுதலும் அவர் கையில் இல்லை. அவருடைய மாதாந்திரக் குற்ற ஆய்வுக் கூட்டத்தில் ‘உங்கள் எல்லையில் எத்தனை 110 போட்டீர்கள்?’ என்ற கேள்வி வராது. அவர் இடத்தில் உட்காரும் காவல் துணை ஆணையருக்கோ அந்த எண்ணிக்கை சொந்தச் சாதனை.

இங்கே கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுப் பகுதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நகரின் நடுவிலிருந்த குடிசைகளை அகற்றி இங்கே கொண்டுவந்து குவித்தோம். கூவம் கரையில் இருந்தபோது பக்கத்தில் வேலை இருந்தது. இங்கே வந்தபிறகு முகவரியைச் சொன்னாலே வேலை கிடைப்பதில்லை என்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனின் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டால், ஆதாரத்தைக் கேட்கும் ஒரு வெளிக்கண் அவனுக்குத்தான் மிகவும் தேவை. அவன் சிறைக்குப் போனால், அவனுடைய தாய் நகரின் தென்கோடியிலிருந்து வடகோடியில் இருக்கும் புழலுக்கு மனு போட்டுப் பார்க்கப் போவதற்கு ஒரு நாள் கூலியை விட வேண்டும்.

4.

பத்திரம் வாங்கும் அதிகாரம் காவல்துறைக்குள் வருவதைச் சென்னை முன்பே பார்த்திருந்தது. அங்கே துணை ஆணையர்களுக்குச் செயல்துறை நடுவர் அதிகாரம் தரும் இரண்டு அரசாணைகள் 2013-இலும் 2014-இலும் வந்தன. அதன்பின் நூற்றுக்கணக்கான மனிதர்கள் அந்த மேசைகளிலிருந்து நேராகச் சிறைக்குப் போனார்கள். வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்கு வந்தன. தனி நீதிபதிகள் மாறுபட்ட கருத்துகளைச் சொன்னார்கள். இறுதியில் நீதிபதிகள் என். சதீஷ்குமார், என். ஆனந்த் வெங்கடேஷ் அமர்வு 2023 மார்ச்சில் பி. சதீஷ் வழக்கில் தீர்ப்பளித்தது.

மாணவர்கள் அந்தத் தீர்ப்பை முழுதாகப் படிக்க வேண்டும். அது மூன்று விஷயங்களைச் சொன்னது. துணை ஆணையர்களுக்கு அந்த அதிகாரம் தந்த அரசாணைகள் அதிகாரப் பிரிவினைக்கும் அரசமைப்பின் 14, 21, 50 ஆகிய பிரிவுகளுக்கும் முரணானவை, செல்லாது. 107-இன் கீழ் எழுதிய பத்திரத்தை மீறினால் சிறைக்கு அனுப்ப முடியாது. பிணைத் தொகையைப் பறிமுதல் செய்யும் 446-ஆம் பிரிவின் வழியில்தான் போக வேண்டும். 110-இன் கீழ் எழுதியதை மீறினால், செயல்துறை நடுவரே சிறைக்கு அனுப்பக் கூடாது. நீதித்துறை நடுவர் முன் நிறுத்தி, அவர் விசாரித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உச்ச நீதிமன்றமும் முன்பே இந்த அத்தியாயத்தைச் சும்மா விடவில்லை. 1970-இல் மது லிமாயே வழக்கில் தலைமை நீதிபதி இதாயதுல்லா அமர்வு 107 செல்லும் என்றது. அதேவேளை, தகவல் உண்மையா என்று நடுவர் விசாரிக்கத் தொடங்காமலே இடைக்காலப் பத்திரம் கேட்கக் கூடாது என்றும் சொன்னது. 1980-இல் கேரளச் சிறையிலிருந்து வந்த ஒரு கடிதத்தை வழக்காக எடுத்துக்கொண்ட நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், 110 ஏழைகளை வேட்டையாடும் கருவியாகிவிடக் கூடாது, திட்டவட்டமான ஆதாரம் வேண்டும் என்று எழுதினார். இவை இரண்டும் நடுவர் எப்படி விசாரிக்க வேண்டும் என்பதைப் பற்றியவை. நடுவரின் நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்ற கேள்வியை நேராகச் சந்தித்தது நம் சென்னை உயர் நீதிமன்றம்.

5.

இந்தக் கேள்வியை மற்ற நாடுகளும் சந்தித்திருக்கின்றன. பலவும் அடிபட்டுத்தான் கற்றிருக்கின்றன.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தில் 1964-இல் ஒரு சிறுமி கொலையானாள். மாநிலத் தலைமை வழக்கறிஞரே புலனாய்வைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். சந்தேகத்துக்குரியவரின் காரைச் சோதிக்க உத்தரவு தேவைப்பட்டது. அந்த மாநிலச் சட்டப்படி அவரே அமைதி நடுவராகவும் இருந்ததால், தன் புலனாய்வுக்குத் தானே உத்தரவில் கையெழுத்திட்டார். 1971-இல் கூலிட்ஜ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றது. அவர் நேர்மையற்றவர் என்று யாரும் சொல்லவில்லை. வழக்கில் முழு மூச்சாக இறங்கியிருப்பவரால் நடுநிலையோடு பார்க்க முடியாது என்பதுதான் காரணம். ஒரு காரைச் சோதிப்பதற்கே அவ்வளவு கவனம். நாம் பேசுவது ஓர் ஆண்டுச் சிறையைப் பற்றி.

ஜெர்மனியின் அனுபவம் கொடியது. 1933-க்குப் பிறகு அங்கே காவல்துறை நீதிமன்றத்தைக் கேட்காமலே மக்களைச் சிறைவைத்தது. 1937 டிசம்பரில் வந்த ஓர் ஆணை ‘தடுப்பு’ என்ற பெயரில் பழைய குற்றவாளிகளையும் ‘சமூகத்துக்கு ஒவ்வாதவர்’ என முத்திரை குத்தப்பட்டவர்களையும் முகாம்களுக்கு அனுப்ப வழிவகுத்தது. அரசியல் எதிரிகளும் யூதர்களும் மட்டும்தான் முகாம்களுக்குப் போனார்கள் என்று நினைக்கிறோம். நாடோடிகளும் பிச்சைக்காரர்களும் வேலையற்றவர்களும் போனார்கள். போருக்குப் பிறகு 1949-இல் எழுதிய அடிப்படைச் சட்டத்தின் 104-ஆம் பிரிவு சொல்கிறது: ஒருவரின் சுதந்திரத்தைப் பறிப்பது பற்றி நீதிபதி மட்டுமே முடிவு செய்யலாம்; காவல்துறை தன் அதிகாரத்தில் ஒருவரைப் பிடித்த நாளுக்கு மறுநாள் முடிவதற்கு மேல் வைத்திருக்க முடியாது. தடுப்புக் காவலே அங்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். பவேரியா மாநிலம் 2017-இல் அதைத் தாராளமாக நீட்டியது, கடும் எதிர்ப்புக்குப் பின் 2021-இல் குறைத்தது. ஆனால் நீட்டியபோதும் கையெழுத்திட்டவர் நீதிபதி.

இத்தாலியில் முசோலினி காலத்தின் மிச்சமாக, ‘எச்சரிக்கை’ என்ற பெயரில் ஒரு மனிதரின் நடமாட்டத்தை நிர்வாகக் குழுவே கட்டுப்படுத்தி வந்தது. அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 1956-இல் பணி தொடங்கிய ஆண்டிலேயே அதைச் செல்லாதாக்கியது. அதன்பின் தடுப்பு நடவடிக்கைகளுக்கு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். மாஃபியாவின் நாடு அது என்பதை மறந்துவிடக் கூடாது. ‘எங்கள் ஊர் ரவுடிகள் வேறு மாதிரி’ என்று சொல்பவர்களுக்கு இதை நினைவூட்டுவேன்.

இங்கிலாந்து நமக்கு இந்த அத்தியாயத்தைத் தந்த நாடு. அங்கே பத்திரம் வாங்குபவர் எப்போதும் நடுவர்தான், காவலர் அல்ல. அதையும்கூட 1999-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒரு வழக்கில் கண்டித்தது. நரி வேட்டையைத் தடுக்க முயன்ற இருவரிடம் ‘நன்னடத்தையோடு இருப்போம்’ என்று பத்திரம் வாங்கினார்கள். எதைச் செய்தால் மீறல் என்றே தெரியாத அளவுக்கு அது மங்கலானது என்றது தீர்ப்பு. வேறொரு பக்கமும் உண்டு. 1972-இல் லண்டனில் நடந்த ஒரு கொலையில் மூன்று சிறுவர்கள் காவல் நிலையத்தில் கொடுத்த ஒப்புதலின் பேரில் தண்டனை பெற்றார்கள், 1975-இல் விடுதலையானார்கள். அந்த அதிர்ச்சி ஒரு விசாரணைக்கும், பிறகு 1981-இன் ராயல் கமிஷன் அறிக்கைக்கும் வழிவகுத்தது. காவல் நிலையத்தில் என்ன நடக்கலாம் என்பதை 1984-ஆம் ஆண்டுச் சட்டம் வரி வரியாக வகுத்தது. 1986-இல் வழக்குத் தொடுக்கும் பொறுப்பு காவல்துறையிடமிருந்து பிரிந்து தனி அமைப்புக்குப் போனது. பிடிப்பவரும் வழக்கு நடத்துபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பது வரை அவர்கள் போய்விட்டார்கள். நாம் பிடிப்பவரே முடிவு செய்யலாமா என்ற இடத்தில் நிற்கிறோம்.

நம்மைப் போன்ற பாதையில் இன்னமும் இருப்பவை சிங்கப்பூரும் மலேசியாவும். 1955-இல் தற்காலிகம் என்ற பெயரில் வந்த சிங்கப்பூர்ச் சட்டத்தை நாடாளுமன்றம் தொடர்ந்து நீட்டித்து வருகிறது; கும்பல் குற்றவாளிகளை அமைச்சரின் ஆணையில் விசாரணையின்றி வைக்கலாம். அங்கும் 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கால்பந்து ஆட்ட முடிவுகளை முறைகேடாக நிர்ணயித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவரின் காவலை ரத்து செய்து, சட்டத்தின் நோக்கத்துக்குள் வராதவரை அடைக்க முடியாது என்றது. இலங்கையின் 1979 பயங்கரவாதத் தடைச் சட்டம் பதினெட்டு மாதம் வரை அமைச்சரின் ஆணையில் காவலை அனுமதித்தது. 2022-இல் அதைப் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் யார் அதிகம் அடைபட்டார்கள் என்பதை இந்த அவைக்குச் சொல்லத் தேவையில்லை.

6.

இப்போது புதிய சட்டத்துக்கு வருகிறேன். சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அதே 2023-ஆம் ஆண்டில் டிசம்பரில் பிஎன்எஸ்எஸ் நிறைவேறியது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பலர் இடைநீக்கமாகியிருந்த அவை அது. ஒன்பதாம் அத்தியாயத்தில் எண்கள் மாறின, உள்ளடக்கம் மாறவில்லை. 107 இப்போது 126. 110 இப்போது 129. 122 இப்போது 141.

மாற்றம் வேறோர் இடத்தில் இருக்கிறது. பழைய 21-ஆம் பிரிவு, செயல்துறை நடுவர்களைச் சிறப்புச் செயல்துறை நடுவர்களாக மாநில அரசு நியமிக்கலாம் என்றது. புதிய 15-ஆம் பிரிவு ஒரு தொடரைச் சேர்த்திருக்கிறது: காவல் கண்காணிப்பாளர் அல்லது அதற்கு இணையான நிலைக்குக் குறையாத எந்தக் காவல் அதிகாரியையும் அப்படி நியமிக்கலாம். துணை ஆணையர் கண்காணிப்பாளருக்கு இணையானவர். ஆணையருக்கு அதிகாரம் தரும் பழைய 20(5) இப்போது 14(5). பெருநகரப் பகுதி என்ற வரம்பு அதிலிருந்து போய்விட்டது. அரசாணையால் செய்ததை நீதிமன்றம் தடுத்தது. அந்த இடத்துக்கு நாடாளுமன்றச் சட்டம் வந்து நிற்கிறது. போதாததற்கு, காவலரின் உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவரைப் பிடித்து வைக்கும் அதிகாரம் 172-ஆம் பிரிவாகச் சேர்ந்திருக்கிறது.

ஒரு வழக்கறிஞர் கேட்கலாம்: இனி பி. சதீஷ் தீர்ப்பு செத்துவிட்டதா? என் கருத்து, இல்லை. அந்தத் தீர்ப்பு அரசமைப்பின் மேல் நிற்கிறது. ஓர் அரசாணைக்கு 14-உம் 21-உம் 50-உம் தடையாக இருந்தால், அதே காரியத்தை அனுமதிக்கும் சட்டப் பிரிவைப் பயன்படுத்தும்போதும் அவை தடையாகவே இருக்கும். ஆனால் இதை யாராவது வழக்காட வேண்டும்.

7.

எதிர்வாதங்களைப் பார்க்காமல் போவது நேர்மையல்ல. காவல் அதிகாரிகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளின் கழிவு இரும்பு ஒப்பந்தங்களுக்காக நடக்கும் கொலைகள், மனை வியாபாரத்தில் கட்டப்பஞ்சாயத்து, மாமூல் வசூல், இவையெல்லாம் கற்பனையல்ல. சாட்சி சொல்ல யாரும் வருவதில்லை. நீதிமன்றத்தில் வழக்கு பல ஆண்டு இழுக்கிறது; அதற்குள் அடுத்த கொலை நடந்துவிடுகிறது. தடுப்பு அதிகாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது நீதித்துறை நடுவர் கையில் இருக்கட்டும் என்கிறேன். நடுவர்களுக்கு வேலைப்பளு என்றால் நடுவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் வழி. புதிய ஆணையரகத்துக்குக் கட்டடமும் வாகனங்களும் கொடுக்க முடிந்த அரசால், அதே பகுதிக்குக் கூடுதல் நீதிமன்றங்கள் கொடுக்க முடியாதா?

இன்னொரு எதிர்வாதம் கடினமானது. நீதித்துறை நடுவர் கையெழுத்திட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் அடிபட்டு, கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போய் இறந்தார்கள். அவர்களைச் சிறைக்கு அனுப்பிய ரிமாண்ட் தாளில் கையெழுத்திட்டவர் நீதித்துறை நடுவர்தான். இதை மறைத்துவிட்டு என் கருத்தைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தக் கதையின் அடுத்த பகுதியையும் பாருங்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக வழக்கை எடுத்தது. அதன் உத்தரவில் கோவில்பட்டி நீதித்துறை நடுவர் அந்தக் காவல் நிலையத்துக்குள் போனார். மிரட்டலுக்கு நடுவே சாட்சியத்தைப் பதிவு செய்தார். அவருடைய அறிக்கைதான் வழக்கின் திருப்பம். ஒரே பதவி ஓரிடத்தில் தவறியது, இன்னோரிடத்தில் நிமிர்ந்து நின்றது. நிமிர்ந்து நிற்க அவரால் முடிந்ததே அவர் காவல்துறைக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்பதால்தான். துணை ஆணையர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தன் துறைக்குள் அப்படி நிற்க முடியாது.

8.

ஆகவே என் வேண்டுகோள்கள் சில. 15-ஆம் பிரிவு ‘நியமிக்கலாம்’ என்றுதான் சொல்கிறது. ‘நியமிக்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. ஒன்பதாம் அத்தியாயத்துக்காக எந்தக் காவல் அதிகாரியையும் நடுவராக நியமிக்க மாட்டோம் என்று தமிழ்நாடு அரசு வெளிப்படையாக அறிவிக்கலாம். குற்றவியல் நடைமுறை பொதுப் பட்டியலில் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலத் திருத்தமும் கொண்டுவரலாம். புதிய சட்டங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்யநாராயணன் தலைமையில் 2024-இல் ஒருநபர் குழு அமைத்த அரசு இது. பெயர்கள் இந்தியில் இருக்கின்றன என்ற குறையைவிட இந்தக் குறை பெரிது.

இரண்டாவது, பத்திர மீறல் விசாரணை ஒவ்வொன்றிலும் சட்டப்பணி ஆணைக்குழுவின் வழக்கறிஞர் இருக்க வேண்டும். காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி 1987 சட்டப்படி உரிமை. வருமான வரம்பு கிடையாது. மூன்றாவது, ஒவ்வொரு காவல் நிலையமும் எத்தனை பத்திரம் வாங்கியது, எத்தனை பேரைச் சிறைக்கு அனுப்பியது, அவர்களில் எத்தனை பேர் மேல் இருந்த வழக்கு பின்னர் நிரூபணமானது என்ற கணக்கு ஆண்டுதோறும் பொதுவில் வர வேண்டும். இந்த மூன்றாவதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை; ஆணையரின் ஒரு சுற்றறிக்கை போதும்.

வழக்கறிஞர் நண்பர்களுக்கு ஒன்று. 126, 129 அறிவிப்போடு ஒருவர் உங்களிடம் வந்தால், ‘போய்ப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வாப்பா, ஒன்றும் ஆகாது’ என்று அனுப்பாதீர்கள். கூடப் போங்கள். அறிவிப்பில் தகவலின் சாரம் இருக்கிறதா, விசாரணை தொடங்குமுன் பத்திரம் கேட்கிறார்களா, கேட்பவர் யார் என்று பாருங்கள். பாதகமான ஆணை வந்தால் செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். புதுப்பாக்கம் சட்டக் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் மாணவர்களே, உங்கள் சட்ட உதவி மையம் முதலில் கையிலெடுக்க வேண்டிய வேலையும் இதுதான். இந்தப் பகுதிக் காவல் நிலையங்களுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு அந்தக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.